விசில் ஊதினால் காரணமும் சொல்லுங்கள்

கால்பந்து ஆட்டத்தில் விசில் ஒலித்ததும் பெரும்பாலானோர் பந்தைப் பார்ப்பார்கள். நான் நடுவரின் கைகளைப் பார்ப்பேன். நேராகக் கோலுக்குள் அடித்தால் செல்லாது என்னும் வகை ஃப்ரீ கிக் என்றால், அவர் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அடித்த பந்து வேறோர் ஆட்டக்காரர் மீது படும் வரையில் இறக்காமல் வைத்திருக்க வேண்டும். ஃபவுல் நடந்தது தெரிந்தும், பாதிக்கப்பட்ட அணிக்கே பந்து சாதகமாக இருப்பதால் ஆட்டத்தைத் தொடர விடுகிறார் என்றால், கையை முன்னே நீட்டிக் காட்ட வேண்டும். பெனால்ட்டி என்றால் புள்ளியை நோக்கிக் கை போக வேண்டும். வேலூர் மாவட்டத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான்; கோட்டை மைதானத்திலும் கல்லூரித் திடல்களிலும் பல ஆண்டுகள் விசில் ஊதியிருக்கிறேன். முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கும்போது, அவர் என்ன முடிவெடுத்தார், எதற்காக எடுத்தார் என்பது கடைசியில் மதில்மேல் உட்கார்ந்து பார்க்கும் பையனுக்கும் தெரிந்தாக வேண்டும் என்பதற்காகவே அந்தச் சைகைகளை விதிப்புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கோயில் வழக்கங்களைப் பற்றியும் நம் ஊர் அரசு அலுவலகங்களைப் பற்றியும் எனக்குள்ள மனக்குறைகள் எல்லாம் இந்த ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. எதைப் பேசினாலும் விசிலில் கொண்டுபோய் முடிக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் எப்படி வந்தன என்பதை என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லிக்கொடுப்பேன். 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதியபோது, அர்ஜென்டினா அணித்தலைவர் ராட்டினை ஜெர்மானிய நடுவர் கிரைட்லைன் வெளியேறச் சொன்னார். நடுவருக்கு ஸ்பானிஷ் மொழி தெரியாது, ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது. எதற்காக வெளியேற்றுகிறார் என்பது புரியாமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவர் பல நிமிடங்கள் மைதானத்தை விட்டுப் போகவே இல்லை. அதே ஆட்டத்தில் சார்ல்டன் சகோதரர்கள் இருவரும் எச்சரிக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது, அது அவர்களுக்கே புதிய செய்தியாக இருந்ததாம். அன்று நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், காரில் திரும்பிச் செல்லும் வழியில் போக்குவரத்து விளக்கைப் பார்த்து இந்த இரண்டு வண்ண அட்டைகளை யோசித்தார். 1970-இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. அட்டை வந்ததால் நடுவரின் கண் கூர்மையாகிவிடவில்லை, தண்டனையும் புதிதாக ஒன்றும் சேரவில்லை. ஆனால் ‘இவருக்கு என்ன ஆயிற்று’ என்று அரங்கம் முழுவதும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் நிலை ஒழிந்தது.

பள்ளி ஆட்டங்களில் நான் இன்னும் ஒரு படி கூடுதலாகச் செய்வேன். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துப் பையன்கள் பந்தில் கெட்டிக்காரர்கள், வாயிலும் அப்படியே. ஹேண்ட்பால் கொடுத்தால் அணித்தலைவனைக் கூப்பிட்டு, “கை உடம்பை விட்டு விலகி மேலே போயிருந்தது, அதனால் கொடுத்தேன்” என்று எல்லோர் காதிலும் விழும்படி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவேன். அவன் முணுமுணுப்பான், ஆனால் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விடுவான். ஒன்றும் சொல்லாமல் பந்தை எடுத்து வைக்கச் சொல்லும் நடுவரை அதே பையன் கடைசி நிமிடம் வரையில் விடாமல் துரத்துவதையும் பார்த்திருக்கிறேன். ஆட்டத்தில் நடந்தவை பற்றி நடுவர் எடுக்கும் முடிவே இறுதியானது என்று 5-ஆம் விதி சொல்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இறுதி என்று ஒன்று இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது. ஆனால் இறுதியாக இருப்பதற்கும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கும் சம்பந்தம் ஏதும் இல்லை. நம் நாட்டில் அதிகாரத்தில் உட்காரும் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

1986 ஜூன் 22 அன்று மரடோனா கையால் தட்டி அடித்த கோலை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். துனிசியாவைச் சேர்ந்த நடுவர் அலி பின் நாசர், லைன்ஸ்மேன் டோச்செவைப் பார்த்ததாகவும் அவர் தவறு என்று கொடி காட்டவில்லை என்றும் சொன்னார்; பல்கேரியாவைச் சேர்ந்த டோச்செவ் பழியை நடுவர் பக்கம் தள்ளினார். ஆட்டம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியும் அந்த வழக்கு தீரவில்லை. 2010-இல் ஜெர்மனிக்கு எதிராக லம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் தொலைவு உள்ளே விழுந்தும் கோல் தரப்படவில்லை; அதன் பிறகுதான் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு எதிர்ப்பு தளர்ந்து, 2012-இல் அனுமதி கிடைத்தது. 2018 உலகக் கோப்பையில் விஏஆர் எனப்படும் காணொளி உதவி நடுவர் முறை வந்தது. இனிச் சண்டை ஓயும் என்று பலர் எழுதினார்கள். ஓயவில்லை. தீர்ப்புகள் முன்பைவிடச் சரியாக வருகின்றன என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பல நிமிடங்கள் காதில் கை வைத்துக்கொண்டு நடுவர் நிற்க, ஐம்பதாயிரம் பேர் எதற்காகக் காத்திருக்கிறோம் என்றே தெரியாமல் காத்திருக்கும் காட்சி அந்த முறையின் மீதே வெறுப்பை உண்டாக்கியது.

அந்த வெறுப்புக்கு மருந்து கேமராவில் கிடைக்கவில்லை, மைக்கில் கிடைத்தது. 2023 ஜூலை 20 அன்று ஆக்லாந்தில் நடந்த மகளிர் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், ஜப்பானைச் சேர்ந்த நடுவர் யோஷிமி யமாஷிதா திரையில் பார்த்துவிட்டு வந்து, நியூசிலாந்துக்குப் பெனால்ட்டி தருவதை அதற்குரிய காரணத்தோடு ஒலிபெருக்கியில் அரங்கத்துக்கே அறிவித்தார். நார்வே ஆட்டக்காரர்கள் மகிழ்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் அரங்கில் இருந்த எல்லோருக்கும் அந்த நொடியில் ஒரே செய்தி தெரிந்திருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கும் லிவர்பூலுக்கும் நடந்த ஆட்டத்தில், லூயிஸ் தியாஸ் அடித்த முறையான கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டது. மைதானத்தில் கோல் தரப்பட்டுவிட்டது என்று தவறாக நினைத்த காணொளி நடுவர் ‘சரிபார்த்தாயிற்று’ என்று சொல்லிவிட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் விதிப்படி திருத்த வழியில்லாமல் போயிற்று. சில நாட்களில் நடுவர் அறை உரையாடலின் ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். கேட்டவர்களுக்குக் கோபம் வந்தது, ஆனால் சதி நடந்தது என்ற பேச்சு பெரும்பாலும் வலுவிழந்தது. மனிதர்கள் குழம்பியது காதால் கேட்க முடிந்தது.

நம் நாட்டு ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பிளே-ஆஃப் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் அணியினர் தடுப்புச் சுவர் அமைப்பதற்குள் பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை விரைவாக அடித்துக் கோல் போட்டார். விரைவாக அடிப்பதற்கு விதியில் இடம் உண்டு. விசில் ஊதும் வரையில் பொறுக்க வேண்டும் என்று நடுவர் சொல்லியிருந்தால் மட்டும் இடம் இல்லை. எது நடந்தது என்பதில்தான் தகராறு. கேரள அணி மைதானத்தை விட்டே வெளியேறியது, கோல் நின்றது, அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளர் வுகோமனோவிச்சுக்கு 10 ஆட்டத் தடையும் விதித்தார்கள். வெளியேறியதை நான் நியாயப்படுத்த மாட்டேன், நடுவர் மீதும் குற்றம் சுமத்த மாட்டேன். ஆனால் இரு தரப்புக்கும் கேட்கும்படி ஒலிக்கும் ஒரு வாக்கியத்தின் விலை சில நேரங்களில் கோடிக்கணக்கில் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்போது சமய வழக்கங்களுக்கு வருகிறேன். வேலூரில் இருந்துகொண்டு சமய வழக்கத்தையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசுபவர் 1806-ஐத் தாண்டிப் போக முடியாது. 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு ஓர் ஆணை வந்தது: சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயச் சின்னம் இடக் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். அதோடு தோல் பட்டையுடன் கூடிய புதுவகைத் தலைப்பாகையும் வந்தது. திருநீறும் நாமமும் இட்டவர்களுக்கும் தாடி வைத்த முஸ்லிம்களுக்கும் ஒரே அடியில் மனம் புண்பட்டது. வேலூர்ப் படையினர் 1806 மே மாதத்திலேயே மறுப்புத் தெரிவித்தார்கள். ஏன் இந்த மாற்றம், தோல் எதற்கு, மதம் மாற்றும் எண்ணம் உண்டா இல்லையா என்று எடுத்துச் சொல்ல அப்போது அவகாசம் இருந்தது. மறுத்தவர்களுக்குக் கிடைத்ததோ தண்டனை. ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் சுடத் தொடங்கினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியரும், ஆர்க்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்த பின் நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்களும் மாண்டார்கள். கவர்னர் பெண்டிங்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது, ஆணை கைவிடப்பட்டது. கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள், படையினரின் சம்பளக் குறை என்று வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் மே மாதத்துக் கேள்விகளுக்கு ஒருவர் நின்று பதில் சொல்லியிருந்தால் ஜூலை எப்படி இருந்திருக்கும் என்று, மக்கானில் அந்தச் சிப்பாய்களுக்காக நிற்கும் நினைவுத்தூணைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

அதே கோட்டைக்குள்தான் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கல்யாண மண்டபத்துத் தூண்களையும், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் சிற்பத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே பல நூற்றாண்டுகளாக மூலவரே இல்லாமல் இருந்தது, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து 1981 மார்ச்சில் பிரதிஷ்டை செய்தார்கள் என்பது இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. வழிபாடு நடக்காத நிலையில் பாதுகாப்புக்கு எடுத்துக்கொண்ட நினைவுச்சின்னத்தில் புதிதாக வழிபாடு தொடங்கக் கூடாது என்பது தொல்லியல் துறையின் கொள்கை. அதற்கு ஒரு காரணம் உண்டு: இன்றைய எண்ணெயும் சுண்ணாம்பும் பழைய கல்லைக் கெடுக்கும். ஊராரிடமும் காரணம் உண்டு: கருவறை என்று ஒன்று இருந்தால் அதற்குள் சாமி இருக்க வேண்டும். நான் அந்தச் சன்னிதிக்குப் போய்க் கும்பிடுகிறவன். லிங்கம் திரும்பி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆண்டில் அதிகாரிகள் எதற்காகக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள், துறை எதற்காகப் பின்னர் ஏற்றுக்கொண்டது என்பது ஊர்வாய்க் கதையாக மட்டுமே உலவுகிறது. நன்மையாக முடிந்த முடிவுக்கும் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வேறோர் இடத்தில் வேறொருவர் ‘அங்கே விட்டீர்களே’ என்று கேட்கும்போது இரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல யாராலும் முடியாது.

சமய மரபு என்றாலே கேள்வி கேட்க முடியாத ஒன்று என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. காரணத்தைத் தெளிவாகச் சொல்லும் மரபுகள் நம்மிடம் நிறைய உண்டு. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று தொலைக்காட்சி முழுவதும் பேச்சாக இருந்தபோது, திருநள்ளாறு கோயில் நிர்வாகம், தாங்கள் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி பெயர்ச்சி 2026-இல்தான் வருகிறது, மார்ச் 29 திருக்கணிதப் பஞ்சாங்கக் கணக்கு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டது. வாக்கியம் சரியா, திருக்கணிதம் சரியா என்று சோதிடர்கள் அடித்துக்கொள்ளட்டும். வேலூரிலிருந்து குடும்பத்தோடு பேருந்து ஏறவிருந்தவருக்குத் தேவையான பதில் அந்த அறிவிப்பில் இருந்தது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவையும் சொல்லலாம். வைகாசி முதல் நாளில் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படும் அம்மன் சிரசு, தேங்காய்கள் சிதறும் தெருக்கள் வழியாகக் கோபாலபுரம் போய்ச் சேர்ந்து உடலில் பொருத்தப்படும். இரேணுகையின் கதையைக் கேட்டு வளர்ந்த எந்தப் பிள்ளையாலும், தலை ஏன் தனியாக வருகிறது, உடல் ஏன் வேறாக இருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். வழக்கம் தன் காரணத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது.

எங்கள் பூர்வீகக் கிராமத்தில் நிலைமை வேறு. ஆடி மாதத்தில் கூழ் வார்த்து, இரவில் அம்மனை அலங்கரித்துத் தெருக்களில் எடுத்து வருவார்கள். கிழக்கே ஒரு பகுதியில் தேர் திரும்பாது. அங்கே குடியிருப்பவர்களும் வரி கொடுக்கிறார்கள், கூழுக்குக் கேழ்வரகும் கொடுக்கிறார்கள். ஏன் திரும்புவதில்லை என்று கேட்டால், “வழக்கம் இல்லீங்க சார்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இதற்கு மூன்று விதமாகக் காரணம் இருக்கலாம். வழி வகுத்த காலத்தில் அந்தத் தெருவே இல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் இப்போது சேர்த்துக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை. மின்கம்பி தாழ்வாகப் போவதால் அலங்காரம் உரசும் என்று இருக்கலாம். அப்படியானால் மின்வாரியத்துக்கு ஒரு மனு எழுத வேண்டும். மூன்றாவது காரணத்தை நான் எழுதத் தேவையில்லை, நம் பக்கத்துக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு அது தெரியும். ‘வழக்கம் இல்லை’ என்ற சொல், முதல் இரண்டு காரணங்களின் மரியாதையை மூன்றாவதற்கு வாங்கிக் கொடுக்கிறது. அதனால்தான் அதைச் சொல்கிறார்கள். உரக்கச் சொல்ல முடியாத காரணத்துக்காக ஒரு முடிவு நிற்கிறது என்றால், அந்த முடிவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பெரியவர்கள் மனம் கோணாமல் இதைப் பேச வேண்டும் என்று என் தமையனார் சொல்கிறார். கோணாமல்தான் பேசுகிறேன், பேசாமல் இருக்கத்தான் முடியவில்லை.

அரசு அலுவலகங்களைப் பற்றிச் சொல்ல வந்தால், நான் எல்லோரையும் போலப் பொத்தாம்பொதுவாகத் திட்டுகிறவன் அல்ல. பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்ததும், மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மேலும் பிரிந்ததும் நல்லதற்கே என்பது என் கருத்து. நாட்டறம்பள்ளியிலிருந்து ஒரு கிழவி மனு கொடுக்க வேலூர் வரையில் வந்து போன நாட்களை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழ்கள் பலவற்றை இணையவழியில் விண்ணப்பித்து வாங்க முடிகிறது. அதுவும் பெரிய மாற்றம். சாலையைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 2022-இல் நிறுத்தி வைத்திருந்த இரு சக்கர வாகனத்தின் சக்கரங்கள் புதையும்படி நம் ஊரில் சிமெண்ட் சாலை போட்ட படத்தைப் பார்த்து நாடே சிரித்தது. அதற்கு மேல் சேர்த்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பேச வேண்டியது பட்டாவைப் பற்றி. தந்தையார் விட்டுச் சென்ற நிலத்தைப் பாகம் பிரித்துப் பதிவு செய்த பின், உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தேன். நில அளவர் வந்து அளக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை தர வேண்டும், பிறகு வட்டாட்சியர் ஆணையிட வேண்டும் என்ற முறையை நான் அறிவேன்; அதற்குக் காலம் பிடிக்கும் என்பதையும் அறிவேன். ஆனால் வந்த பதில், ஆவணங்கள் போதுமானவையாக இல்லாததால் நிராகரிக்கப்பட்டது என்ற ஒரே வரி. எந்த ஆவணம்? மூலப்பத்திரமா, வில்லங்கச் சான்றா, வாரிசுச் சான்றா? கேட்கப் போனால் ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டியது. மேலிடத்தில் கொடுத்த மனு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்ற குறிப்போடு அதே அலுவலகத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது. நிராகரித்தவர் நேர்மையானவராகவே இருக்கலாம், நிராகரித்ததும் சரியாகவே இருக்கலாம். ஆனால் விசிலை ஊதிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்து போன நடுவரைப் போலத்தான் அந்த வரி எனக்குத் தெரிந்தது.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் நாம் கேட்டு வாங்குவது என்றே நினைக்கிறோம். அதன் 4-ஆம் பிரிவு, நாம் கேட்காமலேயே அலுவலகங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறது. நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை, அவற்றால் பாதிக்கப்படுகிறவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நிராகரிப்புக்கான கோப்புக் குறிப்பின் நகலைக் கேட்டு எழுதினேன். 30 நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. வாரிசுச் சான்றில் என் தங்கையின் முதலெழுத்து கணவர் பெயரைக் கொண்டும், பத்திரத்தில் தந்தையார் பெயரைக் கொண்டும் இருந்தனவாம். இருவரும் ஒருவரே என்பதற்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதியிருந்தால் அவர்களுடைய மேசைக்கும் வேலை குறைந்திருக்கும்.

என் நண்பர் ஒருவர் வருவாய்த் துறையில் நீண்டகாலம் இருந்தவர். இதைச் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. காலிப் பணியிடங்கள், ஒரே அலுவலரிடம் இரண்டு மூன்று கிராமங்களின் பொறுப்பு, முடிக்க வேண்டிய கெடு என்று பட்டியலிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையான காரணத்தைச் சொன்னார்: காரணம் எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டே மேல்முறையீட்டுக்குப் போய்விடுவார்கள், பொதுவாக எழுதிவிட்டால் யாராலும் பிடிக்க முடியாது. அவர் சொன்னது நேர்மையான பேச்சு, அதனால் மதிக்கிறேன். ஆனால் மேல்முறையீடு என்பது அதற்காகத்தானே இருக்கிறது? வட்டாட்சியர் ஆணையின் மீது கோட்டாட்சியரிடமும், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடமும் போகலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. காரணத்தை மறைத்தால் அந்த வழியையே அடைத்துவிடுகிறோம். டாட்டன்ஹாம் ஆட்டத்தின் ஒலிப்பதிவை வெளியிட்டவர்களுக்கும் இதே அச்சம் இருந்திருக்கும். வெளியிட்டதால் நடுவர்கள் யாரும் அழிந்துபோகவில்லை.

காரணம் சொல்வதற்குப் பெரிய படிப்போ பெரிய பதவியோ தேவையில்லை என்பதை எங்கள் தெருவுக்குக் குடிநீர் திறந்துவிடுகிறவரிடம் பார்க்கிறேன். பாலாற்று ஆழ்துளைத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் மாறி மாறி வரும் பகுதி எங்களுடையது. நாள் தவறினால் குடத்தோடு வாசலில் சண்டை தொடங்கிவிடும். அவர் தெருவின் வாட்ஸ்அப் குழுவில், பெரிய குழாய் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது, எப்போது சரியாகும், அதுவரையில் எந்தத் தெருவுக்கு முதலில் விடப் போகிறார், ஏன் அந்தத் தெருவுக்கு முதலில் என்பதை எழுத்துப்பிழைகளோடு எழுதிப் போட்டுவிடுகிறார். மேட்டுத் தெருவுக்கு அழுத்தம் போதாது, அதனால் அங்கே இரவில் விடுகிறேன் என்று அவர் எழுதிய பிறகு, ‘ஆளுங்கட்சிக்காரர் வீடு இருப்பதால் அங்கே விடுகிறார்’ என்ற பேச்சு நின்றது. கோடையில் தண்ணீர் கூடுதலாக வந்துவிடவில்லை. ஆனால் அவரை யாரும் ஏசுவதில்லை. போன பொங்கலுக்குத் தெருவே சேர்ந்து அவருக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த வேலையும் ஓடாது என்பார்கள். ஒவ்வொரு த்ரோ-இன்னுக்கும் நடுவர் விளக்கம் சொல்ல வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. பந்து யார் மேல் பட்டு வெளியே போனது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஒருவருக்குப் பாதகமாக முடிகிற, அவரால் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத முடிவுக்கு ஒரு வாக்கியம் போதும். பட்டா நிராகரிப்பு என்றால் எந்த ஆவணத்தில் எந்தக் குறை, யாரிடம் முறையிடலாம், எத்தனை நாளுக்குள் என்று இருந்தால் சரி. கோயில் என்றால், வழக்கம் எப்போதிலிருந்து, எதனால் என்று கேட்கும் பிள்ளையை அதட்டாமல் பதில் சொன்னால் சரி.

உறுதிமொழிப் பத்திரத்தைச் சேர்த்து மறுபடி விண்ணப்பித்ததில் நில அளவர் வந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆணை வர வேண்டும். கிராமத்துத் திருவிழாக் குழுவுக்கும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். தேர் வரும் தெருக்களின் பட்டியலையும், வராத தெருவுக்கு அது வராததன் காரணத்தையும் கோயில் மண்டபத்துப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறேன். ஆடிக்கு முந்திய கூட்டத்தில் கடிதத்தைப் படிப்பதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டார். பட்டியலை எழுதுவதில் சிரமம் இல்லை என்றும் சொன்னார். காரணத்தை எழுதுவது பற்றி மட்டும், பெரியவர்களைக் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றிருக்கிறார்.